கொடியிலேயே விற்ற மிளகு

ராஜபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில் நின்றால் மேற்கே மலை தெரியும். சின்ன வயதில் அதை ஒரு சுவர் என்றுதான் நினைத்திருந்தேன். மழையெல்லாம் அந்தப் பக்கம் பெய்துவிடும், நமக்குக் காற்று மட்டும் வரும். அந்தப் பக்கம் கேரளா, இந்தப் பக்கம் நாங்கள். சுவருக்குள்ளேயே ஆட்கள் இருக்கிறார்கள் என்பது ரொம்பப் பின்னால்தான் உறைத்தது. பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து, ஊருக்கு விருந்தாளி மாதிரி வந்துபோகத் தொடங்கிய பிறகு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மா கறிக்குழம்புக்கு மசாலா வறுத்துக்கொண்டிருந்தார். தட்டில் மிளகு, பட்டை, சோம்போடு கருப்பும் சாம்பலுமாக ஒரு காய்ந்த சருகு. கல்பாசி.

"இது எங்கம்மா விளையுது?"

"மளிகைக் கடையில."

கிண்டல் இல்லை. எங்கள் தெருவில் யாரிடம் கேட்டிருந்தாலும் அதுதான் பதில். ஆனால் கல்பாசியை யாரும் பயிரிடுவதில்லை. பாறையிலும் மரப்பட்டையிலும் தானாகப் படர்கிற லைக்கன் அது. பூஞ்சையும் பாசியும் ஒன்றாகக் குடித்தனம் நடத்துகிற உயிர், மிக மெதுவாக வளரும். யாரோ ஒருவர் மலையேறி, மரமேறி, அதைச் சுரண்டி எடுத்து, காயவைத்து, மூட்டை கட்டி இறக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையின் இந்தச் சரிவில் அந்த 'யாரோ' பெரும்பாலும் பளியர்கள். ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்தில் செண்பகத்தோப்பு, வத்திராயிருப்புப் பக்கம் அத்திகோயில், சதுரகிரி அடிவாரத்தில் தாணிப்பாறை, ராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார்கோவில் என்று மலை ஓரமாகவே சின்னச் சின்னக் குடியிருப்புகள். தேன், மெழுகு, நன்னாரி, கடுக்காய், சீயக்காய், குங்கிலியம், கல்பாசி என்று காலங்காலமாகக் காட்டிலிருந்து இறக்கியவர்கள். அந்தக் காடு சேத்தூர், சாப்டூர் ஜமீன்களின் கையில் இருந்தபோதும், பிறகு வனத்துறை கைக்கு வந்தபோதும், இறக்கியவர்கள் இவர்கள்தான். விற்றவர்கள்தான் வேறு.

இந்த வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள நம் மாவட்டத்தையே பார்த்தால் போதும்.

விருதுநகரில் மிளகு விளையாது. ஏலக்காயும் விளையாது. சொல்லிக்கொள்ளும்படி ஆறுகூட இல்லாத கரிசல் பூமி. ஆனால் வத்தல், மல்லி, பருப்பு, எண்ணெய் என்று இந்த ஊரின் மார்க்கெட் நிலவரத்தை இன்றும் தமிழ்ப் பத்திரிகைகள் வாராவாரம் போடுகின்றன. இது எப்படி வந்தது என்று கேட்டால் 'நாடார்கள் உழைப்பாளிகள்' என்று முடித்துவிடுவார்கள். உழைப்புக்கு மலையில் மட்டும் என்ன பஞ்சம்? ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969ல் வெளியிட்ட தன் நூலில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். 19ஆம் நூற்றாண்டில் வண்டி கட்டி வியாபாரம் செய்தவர்களுக்கு வழியில் கொள்ளை பயம் உண்டு, ஊருக்குள் சாதி ஒடுக்குமுறை உண்டு. அதனால் வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்க மதில் சூழ்ந்த பேட்டைகளைக் கட்டிக்கொண்டார்கள். பேட்டையில் இறங்கும் சரக்குக்கு இவ்வளவு என்று ஒரு சிறு தொகை. அதுதான் மகமை. அது யாருடைய தனிப் பணமும் இல்லை, உறவின்முறையின் பொதுப் பணம். கிணறும் கோயிலும் பள்ளிக்கூடமும் அதிலிருந்து எழுந்தன. விருதுநகர் சத்திரிய வித்யாசாலை 1889ல் தொடங்கியது. வீட்டுக்கு வீடு பிடியரிசி வாங்கிப் பள்ளிக்கூடம் நடத்திய ஊர் அது. காமராஜர் படித்த பள்ளிக்கூடம். 1921ல் தூத்துக்குடியில் நாடார் வங்கி தொடங்கினார்கள், அதுதான் இன்றைய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி.

வரிசையைக் கவனியுங்கள். முதலில் சரக்கு வைக்க இடம். பிறகு பொதுப் பணம். பிறகு படிப்பு. கடைசியில் வங்கி. 'தொழில்முனைவுத் திறன் பயிற்சி' என்று யாரும் யாருக்கும் நடத்தவில்லை. கிட்டங்கி இருந்தவனுக்கு விலை ஏறும்வரை காத்திருக்க முடிந்தது. காத்திருக்க முடிந்தவனுக்கு வியாபாரம் தானாக வந்தது.

எங்கள் ஊரும் அப்படித்தான். 1936ல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்ஸைத் தொடங்கியபோது உள்ளூர்க்காரர்களிடமே பங்கு சேர்த்தார். பக்கத்தில் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால் உற்பத்தியாளர் கூட்டுறவுச் சங்கம் பால்கோவா கிண்டுகிறது. 2019ல் புவிசார் குறியீடும் வாங்கியாயிற்று. கூட்டாகச் சேர்ந்து தொழில் செய்வது இந்த மண்ணுக்குப் புதிதே இல்லை. பத்துக் கிலோமீட்டர் மேற்கே போய் மலை தொடங்கும் இடத்தில் மட்டும் இந்தக் கதை நின்றுவிடுகிறது.

ஏன் என்று எனக்கு ஒரு பதில் இருந்தது. பொறியாளன் இல்லையா, பதில் எப்போதும் கையில் இருக்கும்: தகவல் இல்லை. விலை தெரியாததால் ஏமாறுகிறார்கள். ஆபீஸில் ஒரு ஹேக்கத்தான் வந்தபோது நாங்கள் நாலு பேர் சேர்ந்து, இரண்டு ராத்திரி தூங்காமல், மிளகு, ஏலக்காய் விலையைத் தமிழில் சொல்லும் ஒரு ஆப் செய்தோம். குரலில் கேட்டால் குரலில் பதில் வரும். இரண்டாம் பரிசுகூடக் கிடைத்தது. அடுத்த லீவில் அந்தப் போனைத் தூக்கிக்கொண்டு குமுளிப் பக்கம் ஒரு நண்பனோடு போனேன். மிளகுக்கொடி வைத்திருந்த ஒரு பளியர் பெரியவரிடம் காட்டினேன். பொறுமையாகக் கேட்டார். போனில் வந்த பெண் குரல் அவருக்குப் பிடித்திருந்தது.

"விலை எங்களுக்கு அப்பவே தெரியும் தம்பி. பஸ் ஸ்டாண்டுல போர்டே வச்சிருப்பான். விக்கத்தான் மிளகு இருக்காது. கொடியிலயே வித்தாச்சே."

அதற்குப் பிறகு அந்த ஆப்பை நான் திறக்கவில்லை.

கொடியிலேயே விற்பது என்றால் என்ன? மிளகு ஜூன், ஜூலை மழையில் பூக்கும். பறிப்பதற்கு டிசம்பர் ஆகிவிடும், சில இடங்களில் மார்ச் வரை போகும். இடையில் ஆறு மாதம் கையில் காசு இருக்காது. அதே மழைக்காலத்தில்தான் கூலி வேலையும் குறைவு, காய்ச்சலும் அதிகம், பள்ளிக்கூடமும் திறக்கும். அப்போது வியாபாரி வருவார். வில்லன் மாதிரி எல்லாம் இருக்கமாட்டார், நல்ல மனுஷனாகத்தான் இருப்பார். கொடியைப் பார்ப்பார், ஒரு தொகை சொல்வார், அன்றைக்கே கொடுப்பார். அறுவடை அவருடையது. சில வருடம் இப்படிப் போனால் கொடி மட்டுமில்லை, தோட்டமே கைமாறிப் போகும். சொந்தத் தோட்டத்தில் கூலிக்கு மிளகு பறிப்பவராக ஆகிவிடுவார் சொந்தக்காரர்.

இதில் எங்கே தகவல் பற்றாக்குறை? இது ரொக்கப் பற்றாக்குறை. எங்கள் பாஷையில் சொன்னால், நான் ஃப்ரன்ட்எண்டைச் சரி செய்துகொண்டிருந்தேன், பக் டேட்டாபேஸில் இருந்தது.

அந்தப் பெரியவர் 'அப்பவே' என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. அவர் சொன்னது பழைய கதை. செண்பகத்தோப்புக்கு மேலே ஏறி முகடு தாண்டினால் பெரியாறு புலிகள் காப்பகம். அங்கே, குமுளியில், மன்னான்குடி, பளியக்குடி என்று இரண்டு குடியிருப்புகள். மன்னான்களும் பளியர்களும் மிளகு விவசாயிகள். 1996 முதல் 2004 வரை உலக வங்கி உதவியோடு நடந்த இந்தியச் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தில் பெரியாறும் ஒன்று. காட்டோரம் இருப்பவர்களைக் கொண்டு ஊருக்கு ஊர் சூழல் மேம்பாட்டுக் குழு அமைத்தார்கள். குமுளியின் மிளகு விவசாயிகளுக்கு அந்தக் குழு முதலில் செய்த காரியம் பயிற்சி வகுப்பு இல்லை. கடனை அடைத்து, அடமானத்திலிருந்த மிளகை மீட்டது. பிறகுதான் ஒன்றாகச் சேர்ந்து விற்பது. இன்னொரு பக்கம் வஞ்சிவயலில் ஊராளி மக்களின் மிளகு இயற்கைச் சான்றிதழ் பெற்று வெளிநாட்டுக்குப் போனது.

அதே பெரியாறில் இன்னொரு குழு. அதன் பெயரைப் படித்தபோது நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். 'முன்னாள் வயணப்பட்டை சேகரிப்பாளர்கள்' குழு. வயணம் என்றால் காட்டு இலவங்கப்பட்டை. ராத்திரியில் காட்டுக்குள் போய் மரத்தை வெட்டிப் பட்டை உரித்துக் கடத்தியவர்கள். பட்டையை ஒப்படைத்துவிட்டு வழக்குகளிலிருந்து விடுபட்டு, அதே காட்டில் பயணிகளுக்கு வழிகாட்டிகளாகவும் காவலர்களாகவும் ஆனார்கள். காட்டில் எந்தத் தடம் எங்கே போகும், யானை எப்போது தண்ணீருக்கு வரும் என்பது கடத்தல்காரனைவிட யாருக்கு நன்றாகத் தெரியும்? திறன் முன்பே இருந்தது. அதற்கு நியாயமான சம்பளம் தரும் ஒரு வேலைதான் இல்லாமல் இருந்தது.

இங்கே ஒரு 'ஆனால்' இருக்கிறது. இந்தக் குழுக்களின் செயலாளர் வனத்துறை ஊழியர். கணக்குப் புத்தகம் அவரிடம். நல்ல அதிகாரி இருந்தவரை நன்றாக நடந்தது என்ற வாக்கியத்தை இந்தியாவில் எத்தனை திட்டங்களுக்குத்தான் எழுதுவது!

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி. 1904ல் கூட்டுறவுச் சங்கச் சட்டம் வந்ததற்கே மதராஸ் அதிகாரியான பிரெடரிக் நிக்கல்சனின் அறிக்கை ஒரு முக்கியக் காரணம். அப்படிப்பட்ட மாநிலத்திலும் மலைக்குக் கூட்டுறவு ஏறியது ரொம்பத் தாமதம். 1971ல் பாவா குழு ஒரு யோசனை சொன்னது: மலைவாழ் மக்களுக்குக் கடனுக்கு ஒரு சங்கம், அரிசிக்கு ஒரு கடை, விளைபொருளுக்கு ஒரு வியாபாரி என்று மூன்று வாசல் வேண்டாம், எல்லாம் ஒரே இடத்தில் கிடைக்கட்டும். அதிலிருந்து பிறந்ததுதான் லேம்ப்ஸ் என்கிற பெரும்பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம். ஏற்காடு, கொல்லிமலை, கல்வராயன், ஜவ்வாது என்று பல மலைகளில் வந்தது. யோசனையில் குறையே இல்லை. வியாபாரி செய்வதையும் அதேதான்: மழைக்காலத்தில் அரிசியும் காசும் கொடுத்து, அறுவடையில் சரக்காக வாங்கிக்கொள்கிறார். அதை நியாயமான தராசோடு சங்கம் செய்யட்டும் என்பதுதானே.

நடந்தது என்னவென்றால், பல இடங்களில் அது ரேஷன் கடையும் நகைக்கடனும் நடத்தும் அலுவலகமாக ஆகிப்போனது. மிளகு வாங்கும் வேலை வியாபாரியிடமே திரும்பிப் போனது. காரணம் எளிது. வியாபாரி அன்றைக்கே காசு கொடுப்பார். சங்கம் பில் போட்டு, தீர்மானம் போட்டு, செக் வர நாளாகும். கைரா மாவட்டத்தில் 1946ல் தொடங்கிய அமுல் ஏன் ஜெயித்தது என்பதற்குத் தடிமனான புத்தகங்கள் இருக்கின்றன. பால் ஊற்றினவருக்குக் காசு தாமதமாகாது என்பது அதில் பாதிக் காரணமாவது இருக்கும். உறுப்பினர் சங்கத்துக்குத் தெரியாமல் வெளியே விற்றுவிட்டார் என்று குறைபடும்போதெல்லாம் எனக்குத் தோன்றுவது: அவர் துரோகம் செய்யவில்லை, அவர் பிள்ளைக்கு அன்றைக்குக் காய்ச்சல்.

அடுத்த வடிவம் 2002ல் வந்தது. கம்பெனிச் சட்டத்தைத் திருத்தி 'உற்பத்தியாளர் நிறுவனம்' என்ற ஒன்றை அனுமதித்தார்கள். பத்து உற்பத்தியாளர்கள் சேர்ந்தால் போதும். பங்கு எவ்வளவு இருந்தாலும் ஆளுக்கு ஒரே ஓட்டு. கூட்டுறவின் மனசு, கம்பெனியின் உடம்பு. கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் துணையோடு 2013ல் தொடங்கிய ஆதிமலை பழங்குடியினர் உற்பத்தியாளர் நிறுவனம் இந்த வகைதான். நீலகிரியைச் சுற்றியுள்ள பழங்குடிகளே பங்குதாரர்கள். தேன், மிளகு, காபி, இலவம்பஞ்சு. 2021ல் ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் ஈக்வேட்டர் பரிசு பெற்றது. பரிசைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, சுத்தம் செய்வதும் தரம் பிரிப்பதும் பொட்டலம் கட்டுவதும் மலையிலேயே நடக்கிறது என்பது.

ஏன் முக்கியம் என்றால், மிளகில் காசு இருப்பதே அங்கேதான். சரத்தில் ஒன்றிரண்டு மணி பழுத்துச் சிவக்கும்போது பறிக்க வேண்டும். மணி உதிர்த்து, கொதிக்கும் தண்ணீரில் ஒரு நிமிஷம் முக்கி எடுத்தால் ஒரே சீரான கருப்பு வரும். சுத்தமான பாயில் நாலைந்து நாள் வெயில். மூன்று கிலோ பச்சை மிளகு காய்ந்தால் ஏறக்குறைய ஒரு கிலோ. ஈரம் பன்னிரண்டு சதவீதத்துக்கு மேல் நின்றால் பூசணம் பிடிக்கும், வியாபாரி கையில் எடுத்துப் பார்த்தே விலையைக் குறைப்பார். இதையெல்லாம் ஒரு நாளில் கற்றுக்கொள்ளலாம். ஆனால் காய்கிற அந்த நாலைந்து நாள் காத்திருக்க வீட்டில் அரிசி வேண்டும்.

2018ல் மத்திய அரசின் வன் தன் திட்டம் வந்தது. இருபது பேர் கொண்ட பதினைந்து குழு, மொத்தம் 300 பேருக்கு ஒரு மையம், 15 லட்சம் ரூபாய் வரை. 2020ல் 'டெக் ஃபார் ட்ரைபல்ஸ்' என்று ஐ.ஐ.டி.க்களையும் சேர்த்துக்கொண்டு தொழில்முனைவுப் பயிற்சி. பேக்கேஜிங், பிராண்டிங், கணக்கு எழுதுதல். எல்லாம் தேவையானதுதான். ஆனால் நம் மலையோரக் குடியிருப்புகள் ஒவ்வொன்றும் மிகச் சிறியவை, ஒன்றுக்கொன்று தூரம். 300 என்ற எண்ணை டெல்லியில் எழுதுவது சுலபம்.

அதைவிடப் பெரிய கேள்வி: எதை விற்பது? ஸ்ரீவில்லிபுத்தூர் மலை 1988ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021ல் மேகமலையோடு சேர்த்துப் புலிகள் காப்பகம். வனவிலங்குச் சட்டப்படி சரணாலயத்தில் எடுக்கும் பொருளைச் சொந்தத் தேவைக்கு வைத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்குக் கூடாது. 2006ன் வன உரிமைச் சட்டமோ சிறு வனப் பொருளைச் சேகரிக்கவும் விற்கவும் உரிமை உண்டு, அதன் உடைமையே அந்த மக்களுடையது என்கிறது. தமிழ்நாட்டில் 2008ல் உயர் நீதிமன்றத்தின் இடைக்கால உத்தரவால் உரிமைப் பட்டா கொடுப்பது தடைப்பட்டது. 2016ல் உச்ச நீதிமன்றத்தில்தான் அது நீங்கியது. எட்டு வருஷம். ஒரு தலைமுறைப் பையன் ஆறாம் வகுப்பில் சேர்ந்து பள்ளிப்படிப்பே முடித்திருப்பான். கூடையில் இருக்கிற தேன் என்னுடையதா, திருட்டா என்று தெரியாதவருக்கு பிராண்டிங் சொல்லிக்கொடுப்பதை என்னவென்று சொல்ல?

கடைசியாக ஒரு விஷயம் என்னை இன்னும் குடைகிறது. பீட்டர் கார்ட்னர் என்ற அமெரிக்க மானுடவியலாளர் 1962 முதல் 64 வரை பளியர்களோடு இருந்து ஆராய்ந்தவர். அவர்கள் போட்டியைத் தவிர்ப்பவர்கள், ஒருவர் இன்னொருவர் மேல் அதிகாரம் செலுத்துவதை விரும்பாதவர்கள், சண்டை வந்தால் விலகிப் போய்விடுபவர்கள் என்று எழுதினார். சின்னக் குழந்தையின் விருப்பத்தைக்கூட மதிப்பார்களாம். வீட்டுக்கு வெளியே பெரிய கூட்டு வேலைகளும் குறைவு என்கிறார். அறுபது வருஷம் பழைய சித்திரம், இன்று அப்படியே பொருந்தாது. ஆனாலும் ஒரு கூட்டுறவுச் சங்கத்துக்கு என்ன வேண்டும் என்று யோசியுங்கள். தலைவர், செயலாளர், தேர்தல், தீர்மானம், தோற்றவர், ஜெயித்தவர். தொழில்முனைவுக்கு என்ன வேண்டும்? பக்கத்து வீட்டுக்காரனை முந்துவது. நாம் திறன் என்று கற்றுக்கொடுக்கப் போவது, அவர்கள் பல தலைமுறையாக மரியாதைக்குறைவு என்று ஒதுக்கி வைத்த விஷயத்தை.

செண்பகத்தோப்பில் ஒரு இளைஞனிடம் இதைச் சுற்றி வளைத்துக் கேட்டேன். சங்கம் மாதிரி ஒன்று வைத்தால் தலைவராக யார் இருப்பார்கள் என்று. ஸ்ரீவில்லிபுத்தூரில் படித்தவன், பைக் வைத்திருக்கிறான், என்னைவிட வேகமாக யுபிஐயில் பணம் அனுப்புகிறான். கொஞ்ச நேரம் யோசித்தான்.

"தலைவரெல்லாம் எதுக்குண்ணே? தேனெடுக்கப் போறப்போ கயிறு பிடிக்க ஒருத்தன் வேணும். அது மச்சான் பிடிப்பான். தலைவர் பிடிக்கமாட்டாரு."

மலைவாழ் மக்கள் பலரிடமும் இந்த வழக்கம் உண்டு. பாறையில் இறங்குகிறவனின் உயிர் கயிற்றைப் பிடிப்பவன் கையில். அக்காளையோ தங்கச்சியையோ கட்டிக்கொடுத்த மச்சான் கயிற்றை விட்டால் அவன் வீட்டுப் பெண்ணுக்குத்தான் நஷ்டம். மகமை வைத்த உறவின்முறையும் பேச்சில் இதையேதான் சொன்னது, பெயரிலேயே உறவு இருக்கிறது.

"அப்ப கணக்கை யாரு பாப்பா?" என்றேன்.

"எங்க வீட்டுல தங்கச்சி பிளஸ் டூ படிச்சிருக்கு. அது பாக்கும். நாங்க கேட்டா நோட்டைக் காட்டணும், அவ்வளவுதான்."

கிளம்பும்போது காய்ந்த கல்பாசி ஒரு கைப்பிடி கொடுத்தான். எவ்வளவு என்று கேட்டேன். வீட்டுக்குத்தானே, வைங்கண்ணே என்றான். அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, எந்தக் கடையில வாங்கின என்றார்.